கேப்டன்களே, உங்கள் நடுவரைக் காப்பாற்றுங்கள்



ஞாயிற்றுக்கிழமை காலையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுகிற அணி, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மின்னொளிக் கபடியில் இறங்குகிற அணி, சாயங்காலமானால் பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் வலை கட்டுகிற அணி என்று தமிழ்நாட்டில் அணி இல்லாத ஊர் குறைவு. அந்த அணிகளுக்குத் தலைமை தாங்கும் உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. உங்கள் ஆட்டத்துக்கு நடுவராக வருகிறவர்கள் மனம் வெறுத்து ஒதுங்குகிறார்கள். வெயிலையும் குறைந்த படியையும் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். உங்கள் அணிகள் பேசுகிற பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. அதை நிறுத்தக்கூடிய ஆள் களத்தில் நீங்கள் ஒருவர்தான்.

போன போட்டியை நினைத்துப் பாருங்கள். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பெரும்பாலும் எல்பிடபிள்யூ கிடையாது. சண்டையெல்லாம் ரன் அவுட்டிலும் வைடிலும் இடுப்புக்கு மேல் வந்த நோ பாலிலும்தான். கடைசி ஓவரில் அம்பயர் ரன் அவுட் கொடுக்கிறார். அடுத்த நொடி ஐந்தாறு பேர் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவர் ஸ்டம்பைப் பிடுங்கி எறிகிறார். கோட்டுக்கு வெளியே இருந்து ஒருவர் அவருடைய ஊரை இழுக்கிறார், இன்னொருவர் அவருடைய அம்மாவை இழுக்கிறார், எவ்வளவு வாங்கினாய் என்று மூன்றாமவர் கேட்கிறார். மீசை முளைக்காத பையன் ஒருவன் அவருடைய மார்பில் கைவைத்துத் தள்ளுகிறான். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கி, ஆட்டம் முடிந்து, கோப்பையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் எங்கே நின்றீர்கள்? சூழ்ந்தவர்களில் ஒருவராக நின்றீர்களா, தானாக அடங்கட்டும் என்று தள்ளி நின்றீர்களா? எதுவானாலும், வீடு திரும்பும் வழியில் அந்த மனிதர் உங்களைத்தான் நினைத்துக்கொண்டு போயிருப்பார். தள்ளிய பையனை அவர் மன்னித்துவிடுவார். அவனைப் பிடித்து இழுத்திருக்க வேண்டிய ஆள் சும்மா நின்றதை அவரால் மறக்க முடியாது.

அவர் யார் என்று எப்போதாவது விசாரித்திருக்கிறீர்களா? பல ஊர்களில் அவர் பள்ளிக்கூடத்து பி.இ.டி. சாராகவோ ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டராகவோ இருப்பார். சில ஊர்களில், ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடி, முழங்கால் போன பிறகும் ஆட்டத்தை விட மனமில்லாமல் விசிலைக் கையில் எடுத்தவராக இருப்பார். மின்வாரியத்திலோ பணிமனையிலோ மளிகைக் கடையிலோ வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு, மிச்சமிருக்கிற ஒரு நாளை உங்களுக்குக் கொடுக்கிறார்.

விசில் ஊதுவது அவர் செய்வதில் பாதிகூட இல்லை. முதல் நாள் சாயங்காலமே சுண்ணாம்புப் பொடியும் நூலும் எடுத்து வந்து, 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் அளந்து கபடிக் களத்துக்குக் கோடு போடுகிறவர் அவர். கல்லையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்குகிறவர் அவர். அணிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஃபிக்சர் போடுவது, ‘பை’ யாருக்கு விழுந்தது என்று விளக்குவது, எடைப் பிரிவுக்காகப் பையன்களை எடை மெஷினில் ஏற்றுவது, வயதுக்கு ஆதாரைப் பார்ப்பது, யாருக்காவது கணுக்கால் பிசகினால் ஐஸ் வாங்க ஓடுவது எல்லாம் அவர் தலையில்தான். நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு ஊர்ப் பெரியவர்கள் வீட்டு வாசலில் நிற்பதும் அவரே. கோடை விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டி விடியற்காலையில் பயிற்சி கொடுக்கிறார். பெண் பிள்ளையை விளையாட அனுப்பலாமா என்று தயங்குகிற அப்பா, இவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அனுப்புகிறார்.

இதற்கெல்லாம் கிடைப்பது மேடையில் ஒரு சால்வை, ஒரு பொட்டலம் சாப்பாடு, போக்குவரத்துப் படி. அந்தப் படியும் பந்தல்காரருக்கும் மைக் செட்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சினால்தான். நள்ளிரவைத் தாண்டி இறுதி ஆட்டம் முடிந்து, கடைசிப் பேருந்தும் போய்விட்ட பிறகு, நடுவர்கள் பந்தலிலேயே படுத்திருந்து விடிந்ததும் ஊர் திரும்புவது மின்னொளிக் கபடி நடக்கிற ஊர்களில் புதிதல்ல.

இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் நீங்கள் ஆடுகிற ஆட்டம் உங்கள் ஊருக்கு வந்தே இருக்காது. 1895ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாத நடுத்தர வயதுக்காரர்களுக்காக ஒரு லேசான ஆட்டத்தை உருவாக்கினார். இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆடுகிற வாலிபால் அதுதான். ஸ்பிரிங்ஃபீல்டில் அதே இயக்கத்தின் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக், 1920ல் இங்கே உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே நந்தனத்தில் இன்றும் இயங்குகிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1924ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவரும் அவரே. அந்தக் கல்லூரியில் பயின்று ஊர் ஊராகப் போன உடற்கல்வி ஆசிரியர்கள் ஆட்டத்தையும் கற்றுக்கொடுத்தார்கள், விதியையும் கற்றுக்கொடுத்தார்கள், சாயங்காலம் விசிலும் ஊதினார்கள். உங்களுக்கு முதன்முதலில் சர்வீஸ் போடக் கற்றுத்தந்தவர் அந்த வரிசையில் வந்தவராக இருக்கலாம். நீங்கள் சத்தம் போடுவது அவருடைய மாணவரிடம், சில ஊர்களில் அவரிடமே.

அவர் தப்பாகத் தீர்ப்புச் சொல்கிறார் என்பது உங்கள் புகார். அவர் பார்க்க வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். லெதர் பந்து லீக் ஆட்டத்தில் ஒருவர் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், பந்து கையை விட்டு மட்டைக்கு வர முக்கால் நொடிகூட ஆகாது. அம்பயர் முதலில் வீசுபவரின் முன்கால் கோட்டுக்குள் விழுந்ததா என்று கீழே பார்க்க வேண்டும். உடனே கண்ணை உயர்த்தி, பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா, மட்டையில் பட்டுவிட்டுக் காலில் பட்டதா, பட்ட இடம் ஸ்டம்புக்கு நேராக இருந்ததா, படாமல் போயிருந்தால் ஸ்டம்பில் விழுந்திருக்குமா என்று நான்கு கேள்விக்கு விடை காண வேண்டும். தொலைக்காட்சி ஆட்டத்தில் இதே கேள்விகளுக்கு விடை தேடப் பல கேமராக்கள் இருக்கின்றன, பந்தின் பாதையை வரைகிற கணினி இருக்கிறது, மூன்றாவது நடுவர் இருக்கிறார், நிமிடக் கணக்கில் நேரமும் இருக்கிறது. அத்தனையும் இருந்தும் சில பந்துகளில் ‘அம்பயர்ஸ் கால்’ என்று களத்தில் நிற்பவரின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறார்கள்.

கபடியில் பாடு இன்னும் அதிகம். ரெய்டருக்கு இருப்பது 30 நொடி. அதற்குள் விரல் நுனி எதிராளி மேல் பட்டதா, போனஸ் கோட்டைத் தாண்டியபோது பின்கால் தரையில் இருந்ததா, பிடியில் யாருடைய கால் எல்லைக்கு வெளியே போனது, பாட்டு நின்றதா என்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். முறைப்படி ஒரு கபடி ஆட்டத்துக்கு ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர்கள், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர்கள் வேண்டும். 2014ல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் இவர்களுக்கு மேல் வீடியோவும் துணைக்கு இருக்கிறது. உங்கள் ஊர்த் திடலில் இரண்டு மூன்று பேர், ஒலிபெருக்கிக்கும் விசிலடிக்கும் நடுவில், ஆறு பேர் வேலையைச் செய்கிறார்கள்.

தவறு நடக்கத்தான் செய்யும். நடந்ததும் கேப்டன் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. 1980 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் பொன்விழா டெஸ்ட் ஆடின. இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து, இயன் போத்தமும் பாப் டெய்லரும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். டெய்லர் விக்கெட் கீப்பரிடம் கேட்ச் கொடுத்ததாக நடுவர் அவுட் கொடுத்தார். ஸ்லிப்பில் நின்ற இந்திய கேப்டன் குண்டப்பா விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்தது. அவர் நடுவரிடம் போய்ப் பேசி டெய்லரைத் திரும்ப ஆட வைத்தார். அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. நடுவர் தவறியபோது யாரும் அவரைச் சூழவில்லை. பேச வேண்டியவர் ஒருவர் பேசினார், தவறு திருந்தியது. நடுவரின் சம்மதத்தோடு அப்பீலைத் திரும்பப் பெறும் உரிமையை ஃபீல்டிங் அணியின் கேப்டனுக்கு கிரிக்கெட் விதியே தந்திருக்கிறது. வேறு எந்த ஆட்டக்காரருக்கும் அந்த உரிமை கிடையாது.

உள்ளூர் நடுவர் உள்ளூர் அணிக்குச் சாய்கிறார் என்பது இன்னொரு குறை. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். அதற்கும் ஒரு கேப்டன் வழி காட்டியிருக்கிறார். சொந்த நாட்டு நடுவர்களைப் பற்றிய சந்தேகப் பேச்சு ஓய வேண்டும் என்று பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான் பொது நாட்டு நடுவர்கள் வேண்டும் என்று வாதாடினார். 1986ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக லாகூரில் நடந்த டெஸ்டில் இந்தியாவைச் சேர்ந்த வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவர்களாக நின்றார்கள். பின்னாளில் அதுவே சர்வதேச நடைமுறையாயிற்று. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் டாஸ் போடுவதற்கு முன்பே விழாக் குழுவிடம் சொல்லி மூன்றாவது ஊர்க்காரரைக் கேளுங்கள். டாஸ் போட்டபோது ஏற்றுக்கொண்ட நடுவரைக் கடைசி ஓவரில் விலைபோனவர் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

நீங்கள் கேப்டன் என்பதால் நடுவரின் நிலை உங்களுக்குப் புரியாது என்று ஒதுங்கவும் முடியாது. சென்னையில் பிறந்த எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடியவர், 1975லும் 1979லும் உலகக் கோப்பையில் இந்திய அணியின் கேப்டன். ஆடி முடித்த பிறகு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். 1993 ஜனவரியில் கொல்கத்தாவில் தொடங்கி 73 டெஸ்ட் போட்டிகளில் நடுவராக இருந்தார். 1999 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஒரே ரன்னில் நின்று டை ஆன அரையிறுதியில் களத்தில் நின்ற இரண்டு நடுவர்களில் அவர் ஒருவர். கேப்டனாக ஆட்டத்தைப் படித்த கண் நடுவருக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து யார் வருவார்கள் என்றும் யோசியுங்கள். சென்னையைச் சேர்ந்த என். ஜனனி நடுவராக விரும்பி மாநில கிரிக்கெட் சங்கத்தின் கதவைத் தட்டியபோது பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. 2015ல் சங்கம் விதியைத் திருத்திய பிறகு வழி திறந்தது. 2018ல் கிரிக்கெட் வாரியத்தின் தேர்வில் தேறி, ஐ.டி. வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இதில் இறங்கினார். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக நடுவர்களாக நின்ற மூன்று பெண்களில் அவரும் ஒருவர். இப்படி ஒரு பெண் உங்கள் ஊரிலும் இருக்கலாம். அவர் பழக வேண்டியது உங்களைப் போன்ற அணிகளின் ஆட்டத்தில்தான். முதல் ஆட்டத்திலேயே அவர் காதில் என்ன விழும் என்பதை உங்கள் அணிதான் முடிவு செய்கிறது.

வாய்ச்சண்டையோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டம் ஒன்றில் ஒரு தந்தை சம்பளமில்லாமல் லைன்மேனாக நின்றார். அவருடைய மகன் அந்த ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பிள்ளைகள் அவரை அடித்துக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அந்த வார இறுதியில் நாடு முழுவதும் அமெச்சூர் கால்பந்து ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. பதின்வயதுப் பிள்ளைகள் பலரும் அவர்களில் ஒருவனுடைய தந்தையும் தண்டனை பெற்றார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மஞ்சள் அட்டை காட்டிய ரெஃப்ரி ஒருவர் 17 வயது கோல்கீப்பர் விட்ட குத்தில் உயிரிழந்தார். அங்கேயும் கொலை செய்ய வேண்டும் என்று எண்ணி யாரும் களத்துக்கு வரவில்லை. ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை, கை நீண்டது, தடுக்க ஆள் இல்லை. மார்பில் கைவைத்துத் தள்ளுவதை விளையாட்டாக விட்டுவிடுகிற ஊர்களில் அடுத்த கை எங்கே போய் விழும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இந்தப் பொறுப்பை உங்கள் மேல் சுமத்துவது இந்த மடல் மட்டுமில்லை, விதிப் புத்தகமும்தான். 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கிரிக்கெட் விதிகளில் ஆட்டக்காரர்களின் நடத்தைக்கென்றே 42ஆம் விதி சேர்க்கப்பட்டது. நடுவரைத் தாக்கப்போவதாக மிரட்டினாலோ வேண்டுமென்றே அவர் மேல் கைவைத்தாலோ அந்த ஆட்டக்காரர் மீதி ஆட்டம் முழுவதும் வெளியே போக வேண்டும். எதிரணிக்கு 5 ரன். அவரை வெளியே அனுப்பச் சொல்லி நடுவர் உத்தரவிடுவது அவருடைய கேப்டனிடம்தான். கேப்டன் மறுத்தால் ஆட்டமே எதிரணிக்குப் போய்விடும்.

வாலிபால் விதி இன்னும் தெளிவு. பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில் ரெஃப்ரியிடம் விளக்கம் கேட்க, களத்தில் இருக்கிற ஆட்டக்காரர்களில் கேப்டனுக்கு மட்டுமே அனுமதி. விளக்கத்தில் உடன்பாடு இல்லை என்றால் அப்போதே சொல்லிவைத்து, ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்யலாம். அதே விதி, ஆட்டத்தின் முடிவில் கேப்டன் ரெஃப்ரிகளுக்கு நன்றி சொல்லி ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறது. தோற்ற கேப்டனுக்கும் அது பொருந்தும். 2024 யூரோ கால்பந்திலும் கேப்டன் மட்டும் ரெஃப்ரியிடம் வந்து பேசலாம், மற்றவர்கள் சூழ்ந்தால் மஞ்சள் அட்டை என்று நடைமுறை கொண்டுவந்தார்கள். கோடிக் கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர்கள் தள்ளி நின்றார்கள். உங்கள் அணியும் தள்ளி நிற்கும், நீங்கள் நிற்கச் சொன்னால்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். டாஸுக்கு முன்னால் உங்கள் ஆட்களைக் கூட்டி, நடுவரிடம் பேசுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லிவிடுங்கள். மீறுகிறவர் உங்கள் நம்பர் ஒன் ரெய்டராக இருந்தாலும், மாமன் மகனாக இருந்தாலும், நடுவர் அட்டை காட்டும் வரை காத்திருக்காமல் நீங்களே உட்கார வையுங்கள். கோட்டுக்கு வெளியே கத்துகிற உங்கள் ஊர்க்காரரிடம் உங்கள் ஆளையே அனுப்பி வாயை மூடச் சொல்லுங்கள். நடுவர்களின் படியை முதல் ஆட்டம் தொடங்கும் முன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றும், இரவு ஆட்டமானால் அவர்கள் வீடு போய்ச் சேர வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் விழாக் குழுவிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், எதிரணிக் கேப்டனோடு சேர்ந்து நடுவரிடம் போய்க் கைகுலுக்குங்கள். உங்கள் பையன்கள் அதைப் பார்க்கட்டும்.

ஆட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் உங்கள் அணியில் இருப்பார். மாவட்டச் சங்கம் நடுவர் தேர்வு அறிவிக்கும்போது அவரை எழுத வையுங்கள். கட்டணத்தை அணிப் பணத்திலிருந்து கட்டுங்கள். உங்கள் ஆளே விசிலோடு நிற்கும்போது, அந்த இடத்திலிருந்து ஆட்டம் எப்படித் தெரிகிறது என்று அவர் வந்து உங்களுக்குச் சொல்வார்.

கடைசியாக ஒன்று, உடனே செய்யக்கூடியது. ஊருக்கு ஊர் அடிக்கிற போட்டி நோட்டீஸின் அடியில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்று ஒரு வரி அச்சாகிறது. அதன் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசலாம், மீறுகிற ஆட்டக்காரரை அவருடைய கேப்டனே வெளியேற்றுவார். ஃபிக்சர் போட அணிகள் கூடும் நாளில் எல்லாக் கேப்டன்களும் அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போடட்டும். அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் விழாக் குழுவைப் பார்த்து இதைக் கேளுங்கள். முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள்.